மாசம் 100 ரூபாய் ஒதுக்காம விட்டேன், ஒரே நாள்ல 14,500 போச்சு: செப்டிக் டேங்க் கணக்கு



எஸ்.ஐ.பி. பத்தி பேசியாச்சு, டேர்ம் இன்சூரன்ஸ் பத்தி பேசியாச்சு, வீட்டுக் கடனை சீக்கிரம் முடிக்கிறது எப்படின்னும் பேசியாச்சு. இன்னைக்கு யாருமே பேச விரும்பாத ஒரு விஷயம். உங்க வீட்டு வாசல்ல, கார் நிக்கிற இடத்துக்கு அடியில, இருட்டுல இருக்கிற ஒரு தொட்டி. ஆமா, செப்டிக் டேங்க்தான்.

"நான் வாடகை வீட்டுல இருக்கேன், எனக்கு எதுக்கு இது?"ன்னு மூடிட்டுப் போயிடாதீங்க. ஊர்ல அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு செப்டிக் டேங்க் இருக்கும். இன்னும் 2, 3 வருஷத்துல நீங்க லோன் போட்டு வாங்கப் போற தனி வீட்டுக்கும் இருக்கும். பாதாள சாக்கடை வராத எந்தப் புறநகர்லயும் இதுதான் நிலைமை. அந்தச் செலவு எப்படியும் உங்க சம்பளத்துல இருந்துதான் போகப் போகுது. திட்டமிட்டுப் போகணுமா, பொங்கல் அன்னைக்கு திடீர்னு போகணுமா என்கிறதை மட்டும்தான் நாம முடிவு பண்ண முடியும்.

எனக்குப் பொங்கல் அன்னைக்குத்தான் போச்சு.

அந்தப் பொங்கல் கதை

எங்க வீடு கூடுவாஞ்சேரி பக்கம். அப்பா ரிட்டயர் ஆன பணத்துல கட்டினது. வீட்டுல இருக்கிறது 4 பேர். வீடு கட்டி 11 வருஷம் ஆகியும் ஒரு தடவைகூட டேங்க்கை எடுத்ததில்லை. "நம்ம டேங்க் பெருசுடா, 20 வருஷம் தாங்கும்"னு மேஸ்திரி சொன்னதை அப்பா நம்பினார், அப்பா சொன்னதை நான் நம்பினேன்.

பொங்கலுக்கு சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து 13 பேர் வந்துட்டாங்க. போகி அன்னைக்கே கீழ் பாத்ரூம்ல தண்ணி இறங்க லேட் ஆச்சு. யாரோ பக்கெட் பக்கெட்டா ஊத்திப் பார்த்தாங்க. பொங்கல் அன்னைக்கு காலையில எல்லாம் மேல ஏறி வந்துடுச்சு. வாசல்ல கோலம், அடுப்புல பானை, பின்னாடி நாத்தம். அம்மா முகத்தை என்னால பார்க்க முடியல.

பிளம்பர் வந்தார். குழாய்ல அடைப்பு இல்ல, டேங்க் நிறைஞ்சிடுச்சுன்னார். சரி, மூடியைத் திறங்கன்னா, மூடி எங்க? மூணு வருஷம் முன்னாடி போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டப்போ மூடி மேலயும் சேர்த்து ஒட்டிட்டோம். எந்த இடத்துல மூடி இருந்ததுன்னு வீட்டுல யாருக்கும் உறுதியா தெரியல. ஆறு டைல்ஸ் உடைச்ச பிறகுதான் முதல் மூடியே கிடைச்சது.

லீவு நாள். பெரிய லாரிக்காரங்க யாரும் வரல. மத்தியானம் ஒரு சின்ன வண்டி வந்தது, 3,000 லிட்டர். ரெண்டு லோடு அடிக்கணும்னார். மேல இருந்த தண்ணி போச்சு. அடியில 11 வருஷ கசடு சேறு மாதிரி கெட்டியா நின்னுடுச்சு, ஓஸ் இழுக்கல. அப்பதான் வண்டிக்காரர் சொன்னார்: "சார், பையனை இறக்கி விட்டா கலக்கி விட்டுடுவான். 1,500 சேர்த்துக் குடுங்க, அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்."

அவர் கை காட்டின பையனுக்கு இருபது வயசு இருக்கும். கையில கிளவுஸ்கூட இல்ல.

உண்மையைச் சொல்றேன். வீட்டுல 17 பேர், பாத்ரூம் இல்ல. நான் "சரி"ன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். அப்பாதான் குறுக்க வந்தார். "வேணாம்டா. யாரும் உள்ள இறங்க வேணாம். ரெண்டு நாள் பக்கத்து வீட்டுல கேட்டுக்கலாம், இல்லன்னா எல்லாரும் ஊருக்குப் போகட்டும்." அவ்வளவுதான். ரெண்டு நாள் கழிச்சு பெரிய வண்டிக்காரர் ஒருத்தர் வந்தார். தண்ணியைப் பீய்ச்சி, கசடைக் கரைச்சு, மேல நின்னபடியே மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்தார். ஒருத்தரும் உள்ள இறங்கல.

அந்த "சரி" மட்டும் என் வாயில இருந்து வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குக் கீழ வர்றேன். முதல்ல பணக் கணக்கு.

செலவுச் சீட்டு

லாரி: சின்ன வண்டிக்கு 3,500, பெரிய வண்டிக்கு 3,500. மொத்தம் 7,000.
டைல்ஸ் உடைச்சு திரும்பப் போட்டது, மேஸ்திரி கூலியோட: 5,000.
பிளம்பர்: 1,200.
ரெண்டு புது மூடி: 1,300.
மொத்தம் 14,500 ரூபாய்.

இப்ப இதையே ஒழுங்கா செஞ்சிருந்தா? சாதாரண நாள்ல, எங்க ஏரியாவுல 6,000 லிட்டர் வண்டி ஒரு லோடுக்கு 2,500 ரூபாய். 3 வருஷத்துக்கு ஒரு தடவைன்னா 11 வருஷத்துல 3 தடவை எடுத்திருக்கணும். 7,500 ரூபாய்.

"அட, வித்தியாசம் 7,000 ரூபாய்தானே"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. பணத்தை மட்டும் பார்த்தா நான் பெருசா ஏமாறல, உண்மைதான். ஆனா இந்தக் கணக்குல மூணு விஷயம் சேரல. ஒண்ணு, கசடு டேங்க்கைத் தாண்டி உறிஞ்சு குழிக்குள்ள போயிருந்தா என்ன செலவு. ரெண்டு, அந்தக் கழிவு நம்ம போர் தண்ணியில கலந்தா என்ன செலவு. மூணு, அந்தப் பையன்.

டேங்க் உள்ள என்ன நடக்குது?

ரொம்ப சிம்பிள். கழிவு உள்ள வருது. கனமானது அடியில படியுது, அதுதான் கசடு. எண்ணெய், கொழுப்பு மாதிரி லேசானது மேல ஆடை மாதிரி மிதக்குது. நடுவுல இருக்கிற ஓரளவு தெளிஞ்ச தண்ணி மட்டும் வெளிய போகுது. நல்லா கட்டின டேங்க்ல நடுவுல ஒரு தடுப்புச் சுவர் இருக்கும், ரெண்டு அறை. வெளிய போற வழியில 'டி' வடிவக் குழாய் இருக்கும், மிதக்கிறது வெளிய போகாம அது தடுக்கும். அங்க இருந்து தண்ணி உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணுல இறங்கும்.

ஆக்சிஜன் இல்லாத இடத்துல வாழுற பாக்டீரியா கசடை மெல்ல செரிக்கும். ஆனா முழுசா செரிக்காது. மிச்சம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே இருக்கும். கசடு ஏற ஏற தண்ணி நிக்கிற இடம் குறையும். கழிவு உள்ள ஒண்ணு ரெண்டு நாளாவது நின்னாத்தான் படியும். இடம் இல்லன்னா படியறதுக்கு முன்னாடியே கலங்கலா வெளிய ஓடிடும்.

அந்தக் கலங்கல் உறிஞ்சு குழிக்குப் போச்சுன்னா அங்க இருக்கிற மண்ணோட துளையெல்லாம் அடைச்சுக்கும். அப்புறம் டேங்க்கை எத்தனை தடவை எடுத்தாலும் ரெண்டு நாள்ல திரும்ப நிறையும். புதுக் குழி தோண்டணும், கல், ஜல்லி, ஆள் கூலின்னு செலவு எங்கயோ போகும். 2,500 ரூபாயை மிச்சம் பிடிச்சா வர்ற உண்மையான ரிஸ்க் இதுதான்.

அதனாலதான் மத்திய அரசோட பொது சுகாதாரப் பொறியியல் கையேடுகள் 2 முதல் 3 வருஷத்துக்கு ஒரு தடவை கசடு எடுக்கச் சொல்லுது. நிறைஞ்ச பிறகு எடுக்கிறது இல்ல, நிறையறதுக்கு முன்னாடி எடுக்கிறது. உங்க பைக்குக்கு என்ஜின் சீஸ் ஆன பிறகா ஆயில் மாத்துறீங்க?

உங்க டேங்க் எவ்வளவு பெருசு?

அடியில ஒரு ஈசியான கணக்கு. நீளம், அகலம், தண்ணி நிக்கிற ஆழம், மூணையும் அடியில எடுத்துப் பெருக்குங்க. வர்றதை 28 ஆல பெருக்குங்க. லிட்டர் வந்துடும். எங்க டேங்க் 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி தண்ணி. 128 கன அடி. கிட்டத்தட்ட 3,600 லிட்டர். 3,000 லிட்டர் வண்டின்னா ரெண்டு லோடு, 6,000 லிட்டர் வண்டின்னா ஒரே லோடு. இது தெரிஞ்சா, லோடு கணக்குல யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

"எங்க டேங்க் நிறையவே நிறையாது" என்கிற பெருமை

நம்ம ஊர்ல நிறைய பேர் இதைப் பெருமையா சொல்வாங்க. "கட்டி 20 வருஷம் ஆச்சு சார், ஒரு தடவைகூட எடுத்ததில்ல." இதைக் கேட்டா இனிமே சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

அடியில கான்கிரீட் போடாம, வெறும் உறை இறக்கி விட்ட குழியா இருக்கலாம். அது செப்டிக் டேங்க்கே இல்ல. கழிவு நேரா மண்ணுக்குள்ள போகுது, அதனாலதான் நிறையல. இல்லன்னா வெளிய போற குழாயை மழைநீர் வடிகால்ல சொருகி விட்டிருக்கலாம்.

இப்ப உங்க வீட்டு போர் எங்க இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. உறிஞ்சு குழிக்கும் குடிதண்ணிக் கிணத்துக்கும் நடுவுல குறைஞ்சது 18 மீட்டர் இருக்கணும்னு இந்தியத் தர விதி சொல்லுது. அடியில சொன்னா கிட்டத்தட்ட 60. அரை கிரவுண்டு மனை, 30க்கு 40 அடி. ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு அளந்தாலே 50 அடிதான். அதாவது நம்மள்ல பல பேர் மனையில அந்த இடைவெளிக்கு வழியே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் குழியும் சேர்ந்து சுத்தி நிக்குது.

அதனால வருஷத்துக்கு ஒரு தடவை போர் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகங்கள் மாவட்டங்கள்ல இருக்கு, கட்டணம் கட்டிக் குடுக்கலாம். ரெண்டு விஷயம் பாருங்க. ஈ.கோலை பாக்டீரியா 100 மில்லி தண்ணியில இருக்கவே கூடாது. நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரெண்டும் தாண்டியிருந்தா சாக்கடைத் தண்ணி கலக்குதுன்னு பெரும்பாலும் முடிவு பண்ணலாம். வாட்டர் ப்யூரிஃபையர் வாங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய டெஸ்ட் இது.

அந்தப் பையன் இறங்கியிருந்தா?

இந்தப் பதிவுல நீங்க ஒரு பகுதியைத்தான் படிப்பீங்கன்னா, இதைப் படிங்க.

டேங்க் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் மாதிரி வாயு சேர்ந்திருக்கும். ஆக்சிஜன் குறைவா இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த அழுகின முட்டை வாசனை. அதுல ஒரு கொடுமை, அளவு கூடினா மூக்கு மரத்துப் போகும், வாசனையே தெரியாது. "நாத்தம் இல்ல, இறங்கலாம்"னு நினைக்கிறவர் ரெண்டு மூச்சுல மயங்கி விழுவார். அவரைக் காப்பாத்த இன்னொருத்தர் இறங்குவார். அவரும் விழுவார். பேப்பர்ல வர்ற செய்திகள்ல ரெண்டு பேர், மூணு பேர்னு வர்றதுக்கு இதுதான் காரணம்.

இப்ப சட்டம். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ம் வருஷச் சட்டம், பாதுகாப்பு உபகரணம் இல்லாம செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண ஆளை வைக்கிறதையும் தடை பண்ணுது. நேரடியாவோ மறைமுகமாவோ யாரும் வைக்கக் கூடாது. "யாரும்"னா மாநகராட்சி மட்டும் இல்ல, வீட்டு ஓனரும்தான். "மறைமுகமா"ன்னா, "நான் கூட்டிட்டு வரல, லாரிக்காரர்தான் கூட்டிட்டு வந்தார்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. முதல் தடவைக்கு 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி செஞ்சா 5 வருஷம், 5 லட்சம் வரை. ஜாமீன்ல வெளிய வர முடியாத பிரிவு. வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது பண்ணலாம்.

உயிர் போயிட்டா? குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடுன்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்தினது.

நீங்க ஐ.டி.ல இருந்தாலும் சரி, பேங்க்ல இருந்தாலும் சரி, இப்படி ஒரு கிரிமினல் கேஸ் உங்க வேலையை என்ன பண்ணும், பாஸ்போர்ட்டை என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. 1,500 ரூபாய்க்கு நான் வாங்க இருந்த ரிஸ்க் அது. அதைவிடப் பெரிய விஷயம், எங்க வீட்டுப் பொங்கலுக்காக இன்னொரு வீட்டுப் பையன் சாகறது. அதுக்கு எந்த எக்செல் ஷீட்லயும் கட்டம் கிடையாது.

கசடு கெட்டியானதுக்குக் காரணம் நான்தான். 3 வருஷத்துல எடுத்திருந்தா இளகலா இருந்திருக்கும், ஓஸே இழுத்திருக்கும், "பையனை இறக்கட்டுமா"ன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நேரத்துக்கு எடுக்கிறதுல முதல் லாபம் அதுதான்.

லாரி கூப்பிடும்போது கேக்க வேண்டிய 4 கேள்வி

1. உள்ளாட்சி லைசென்ஸ் இருக்கா? தமிழ்நாட்டுல கழிவுநீர் எடுக்கிற வண்டிக்கு லைசென்ஸ் கட்டாயம்.

2. எங்க கொண்டு போய் ஊத்துவீங்க? சுத்திகரிப்பு நிலையம், இல்லன்னா அதுக்குன்னு ஒதுக்கின இடம்னுதான் பதில் வரணும். சென்னையில கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடியில பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கு. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில செப்டிக் டேங்க் கசடுக்குன்னே தனி நிலையம் இருக்கு. "பாத்துக்கலாம் சார்"னு பதில் வந்தா, அது ராத்திரி ஏதோ ஒரு ஏரிக்குத்தான் போகும். ரேட் ரொம்பக் கம்மியா சொல்றவர் எங்க மிச்சம் பிடிக்கிறார்னு இப்ப புரியுதா?

3. வண்டி எத்தனை லிட்டர், ஓஸ் எத்தனை அடி? தெரு குறுகலா இருந்தா வண்டி முனையிலதான் நிக்கும். ஓஸ் பத்தலன்னு திரும்பிப் போனாலும் வந்த கூலி கேப்பாங்க.

4. கெட்டியா இருந்தா என்ன பண்ணுவீங்க? "தண்ணி அடிச்சுக் கரைச்சு எடுப்போம்"னா சரி. "ஆளை இறக்குவோம்"னா போனை வெச்சிடுங்க.

யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலன்னா 14420. செப்டிக் டேங்க், கழிவுநீர் சம்பந்தமா இருக்கிற அரசு உதவி எண் இது. இப்பவே போன்ல சேவ் பண்ணி வையுங்க.

வண்டி வர்ற அன்னைக்கு

ரெண்டு அறைக்கும் மூடியைத் திறக்கச் சொல்லுங்க. முதல் அறையை மட்டும் எடுத்துட்டு முடிஞ்சதுன்னு கிளம்பறவங்க உண்டு. மூடி திறந்ததும் எட்டிப் பார்க்காதீங்க, காத்து போகட்டும். பக்கத்துல பீடி, சிகரெட், தீப்பெட்டி, எதுவும் கூடாது. மீத்தேன் தீப்பிடிக்கும். குழந்தைங்களை வீட்டுக்குள்ள வையுங்க. போன் உள்ள விழுந்தா போனை மறந்துடுங்க.

எடுத்து முடிச்சதும் வெளிய நின்னபடியே டார்ச் அடிச்சு, சுவர்ல விரிசல் இருக்கா, 'டி' குழாய் உடைஞ்சிருக்கான்னு லாரிக்காரரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. அடியில கொஞ்சம் கசடு ஒட்டியிருந்தா பரவாயில்ல, அதுல இருக்கிற பாக்டீரியாதான் அடுத்த ரவுண்டை ஆரம்பிக்கும். பினாயில் ஊத்திக் கழுவச் சொல்லாதீங்க.

எந்த மாசம் எடுக்கலாம்? மார்ச்ல இருந்து மே வரைக்கும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில நிலத்தடி நீர் மேல ஏறியிருக்கும்போது ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க்கைக் காலி பண்ணினா, டேங்க்கே மண்ணைத் தள்ளிக்கிட்டு மேல கிளம்பலாம். அந்த மாதிரி டேங்க்னா எடுத்த உடனே தண்ணி நிரப்புங்க.

ஒருவேளை யாராவது உள்ள விழுந்துட்டா, நீங்க இறங்காதீங்க. 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ். அவ்வளவுதான்.

கடைசியா, பில் வாங்குங்க. தேதியை மீட்டர் பாக்ஸ் உள் பக்கம் பெயின்ட்ல எழுதுங்க. போன் கேலண்டர்ல 3 வருஷம் தள்ளி ஒரு ரிமைண்டர்.

நடுவுல செலவைக் குறைக்கிறது எப்படி?

நாப்கின், டயபர், வெட் வைப்ஸ், முடி, டாய்லெட்ல போடாதீங்க. செரிக்காது, அப்படியே நிக்கும். வறுத்த எண்ணெயை சிங்க்ல ஊத்தாதீங்க. மொட்டை மாடி மழைத்தண்ணி, ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணி, ஏ.சி. தண்ணி எதுவும் டேங்க்குக்கு வரக் கூடாது. தண்ணி அதிகமா வந்தா படிஞ்ச கசடைக் கலக்கி விட்டுடும்.

ஆசிட்டைப் பாட்டில் பாட்டிலா ஊத்தாதீங்க, கசடைச் செரிக்கிற பாக்டீரியாவையே கொன்னுடும். "இந்தப் பவுடரைப் போட்டா டேங்க் எடுக்கவே வேணாம்"னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, அதையும் நம்பாதீங்க. சாதாரண வீட்டு டேங்க்குக்கு அது தேவையில்லன்னுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்லுது. அந்தக் காசை லாரிக்குச் சேர்த்து வையுங்க.

இப்ப பட்ஜெட்

மாசம் 100 ரூபாய். 36 மாசத்துல 3,600. லாரிக்கு 2,500 போக, மூடி, குழாய் மாதிரி சின்ன வேலைக்கு 1,100 மிச்சம். உங்க ஊர் ரேட் வேறயா இருக்கும், மூணு பேருக்கு போன் பண்ணி விசாரிச்சு, அதை 36 ஆல வகுங்க. எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுக்காதீங்க. எப்ப வரும்னு தெரிஞ்ச செலவு எமர்ஜென்சி ஆகாது. பெயின்டிங், மோட்டார், டேங்க், மூணுக்கும் சேர்த்து "வீடு"ன்னு ஒரு தனி ஆர்.டி. போட்டா போதும்.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. வீட்டு இன்சூரன்ஸ் தீ, வெள்ளம் மாதிரி விஷயத்துக்கு. பராமரிக்காம விட்டு வர்ற பழுதுக்கு அது பணம் தராது.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கீங்களா? வாடகை வருமானத்துல வீட்டு வரியைக் கழிச்சு, மிச்சத்துல 30% கழிவு ஏற்கனவே தர்றாங்க. டேங்க் செலவு அதுக்குள்ளயே அடக்கம், தனியா காட்ட முடியாது.

வாடகைக்கு இருக்கீங்களா? அக்ரிமென்ட்ல ஒரு வரி சேருங்க, "செப்டிக் டேங்க் எடுக்கும் செலவு யாருடையது" என்று. குடி வரும்போது கடைசியா எப்ப எடுத்தாங்கன்னு கேளுங்க. 10 வருஷக் கசடுக்கு 11 மாச வாடகைக்காரர் பணம் குடுக்கிறது நியாயம் இல்ல.

வீடு வாங்கப் போறீங்களா? மாடுலர் கிச்சனைப் பார்க்கிற நேரத்துல பாதியை இதுக்கு ஒதுக்குங்க. டேங்க் எங்க இருக்கு, எத்தனை அறை, அடியில கான்கிரீட் இருக்கா, தண்ணி எங்க போகுது, போர்ல இருந்து எவ்வளவு தூரம். கட்டுற வீடுன்னா மண்ணு மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வையுங்க. மூடி மேல டைல்ஸ் ஒட்ட விடாதீங்க, கைப்பிடி வெச்ச தனி மூடி கேளுங்க. பாதாள சாக்கடை இணைப்பு வந்துட்டா, பழைய டேங்க்கைக் காலி பண்ணி மணல் போட்டு மூடிடுங்க. திறந்த தொட்டியா விட்டா ஆபத்து.

இன்னைக்கு ஒரு போன்

பெரிய வேலை எதுவும் வேணாம். இதைப் படிச்சு முடிச்சதும் ஊருக்கு ஒரு போன் பண்ணுங்க. அப்பாகிட்ட ரெண்டே கேள்வி: "கடைசியா டேங்க் எப்பப்பா எடுத்தோம்? மூடி எங்க இருக்கு?" ரெண்டுல எதுக்காவது "தெரியலடா"ன்னு பதில் வந்தா, அடுத்த மாச சம்பளத்துல முதல் செலவு எதுன்னு முடிவாயிடுச்சு.

எங்க வீட்டுல இப்ப மீட்டர் பாக்ஸ் உள் பக்கம் தேதி எழுதியிருக்கு, அப்பா கையெழுத்துல. பக்கத்துலயே அவரே இன்னொரு வரியும் எழுதி வெச்சிருக்கார்: "ஆள் இறங்கக் கூடாது."

டேங்க் அளவு கணக்கு, லாரிக்காரர்கிட்ட பேசுறது, மூடி வேலை எல்லாத்தையும் எங்க வீட்டு வாசல்லயே நின்னு வீடியோவா எடுத்திருக்கேன், நம்ம சேனல்ல பாருங்க. சொந்த வீடு கட்டுற நண்பருக்கு இதை அனுப்புங்க.